பலகாரக் கடைக் கணினி: விண்டோஸிலேயே இருக்கலாமா, லினக்ஸுக்குப் போகலாமா?

கேள்வி: பள்ளத்தூரில் சீப்புச்சீடை, தேன்குழல், கைமுறுக்கு, அதிரசம் செய்து உள்ளூருக்கும் வெளியூருக்கும் அனுப்புகிறோம். கடைக் கணினி 2019-இல் வாங்கியது. ஐ3-8100, 4 ஜிபி ரேம், விண்டோஸ் 10. ஆன் செய்தால் கணக்கு மென்பொருளான டேலி திறக்கப் பத்து நிமிடம் ஆகிறது. பில் போடும் நேரத்தில் அப்டேட் என்று நின்றுவிடுகிறது. போன மாதம் டெஸ்க்டாப்பில் இருந்த ஃபைல்கள் காணாமல் போயின. இப்போது 'விண்டோஸ் 10-க்கு ஆதரவு முடிந்தது, உங்கள் கணினி 11-க்குத் தகுதியில்லை' என்று வேறு வருகிறது. கணினிக் கடைக்காரர் புதிது வாங்கச் சொல்கிறார். பெங்களூரில் இருக்கும் மகன், 'விண்டோஸை எடுத்துட்டு லினக்ஸ்னு வேற இயங்குதளம் போட்டுருங்க ஆத்தா' என்கிறான். இத்தனை பேர் திட்டுகிற விண்டோஸை ஏன் இத்தனை பேர் வைத்திருக்கிறார்கள்? நான் மாறலாமா? எங்களுக்கு வேண்டியது டேலி, ஜிஎஸ்டி, தமிழ் லேபிள், வாட்ஸ்அப். வீட்டில் இன்னொரு பழைய கணினி (ஐ3-4150) சும்மா கிடக்கிறது.

பதில்: ஆச்சி, முதலில் ஒன்று. புதுக் கணினிக்கு அட்வான்ஸ் எதுவும் கொடுத்துவிடாதீர்கள். நீங்கள் எழுதிய ஐ3-8100 என்ற எண்ணிலேயே பாதிப் பதில் இருக்கிறது.

இன்டெல் ஐ3-க்குப் பக்கத்தில் வரும் நான்கு இலக்க எண்ணில் முதல் இலக்கம்தான் தலைமுறை. 8100 என்றால் எட்டாம் தலைமுறை, 4150 என்றால் நான்காம் தலைமுறை. விண்டோஸ் 11-க்கு மைக்ரோசாஃப்ட் போட்ட கோடு, இன்டெலில் எட்டாம் தலைமுறை. உங்கள் கடைக் கணினி கோட்டுக்கு உள்ளேதான் இருக்கிறது. அப்புறம் ஏன் தகுதியில்லை என்கிறது? பெரும்பாலும் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி அணைந்து கிடப்பதால். அந்தக் காலத்தில் அசெம்பிள் செய்த கணினிகள் பலவற்றில் அது உள்ளே இருக்கும், ஆனால் யாரும் ஆன் செய்திருக்க மாட்டார்கள். 2019-இல் அதற்குத் தேவையும் இல்லை. வீட்டுக்கு மின் இணைப்பு இருக்கிறது, மெயின் சுவிட்சை மட்டும் யாரும் போடவில்லை என்கிற கதை.

மைக்ரோசாஃப்ட்டின் 'பிசி ஹெல்த் செக்' என்ற இலவசச் செயலியை இறக்கி ஓட்டிப் பாருங்கள். எது குறை என்று அதுவே வரிசையாகச் சொல்லும். ப்ராசசருக்குப் பச்சை டிக் விழுந்து, டிபிஎம், செக்யூர் பூட் என்ற துவக்கப் பாதுகாப்பு இரண்டும் மட்டும் சிவப்பில் இருந்தால் வேலை சுலபம். கணினியை ஆன் செய்ததும் டெலீட் அல்லது எஃப்2 விசையைத் தட்டினால் பயாஸ் என்ற அடிப்படை அமைப்புத் திரை வரும். அங்கே 'பிடிடி' என்று ஒன்று இருக்கும், இன்டெல் பிளாட்ஃபார்ம் டிரஸ்ட் டெக்னாலஜியின் சுருக்கம், டிபிஎம்முக்கு இன்டெல் வைத்த பெயர். அதை எனேபிள் செய்ய வேண்டும்.

இதில் ஒரு பள்ளம் உண்டு. செக்யூர் பூட்டை ஆன் செய்யும் வேகத்தில் 'லெகசி' என்ற பழைய பூட் முறையையும் அணைத்துவிட்டால், பழைய முறையில் விண்டோஸ் போட்ட கணினி எழுந்திருக்காது. அதற்கு முன் டிஸ்க்கை எம்பிஆர் என்ற பழைய அமைப்பிலிருந்து ஜிபிடி என்ற புதிய அமைப்புக்கு மாற்ற வேண்டும். விண்டோஸ் 10-லேயே அதற்கான கருவி இருக்கிறது. தெரிந்தவருக்கு அரை மணி நேர வேலை, தெரியாதவருக்கு ஒரு நாள் தலைவலி. அதனால் ஆளைக் கூப்பிட்டே செய்யுங்கள். கூப்பிடும்போது 'விண்டோஸ் போடணும்' என்று சொல்லாதீர்கள். அப்படிச் சொன்னால் டிஸ்க்கை ஃபார்மட் செய்துவிட்டுத்தான் நிமிர்வார்கள். 'பிடிடி ஆன் பண்ணி, எம்பிஆரை ஜிபிடி ஆக்கி, 11-க்கு அப்கிரேட் மட்டும் பண்ணணும், டேட்டா அப்படியே இருக்கணும்' என்று சொல்லுங்கள். உங்கள் விண்டோஸ் 10 அசல் லைசென்ஸ் என்றால் 11-க்குக் கட்டணம் இல்லை. செட்டிங்ஸில் 'ஆக்டிவேஷன்' பக்கத்தையும் ஒரு பார்வை பாருங்கள். பில்லில் லைசென்ஸ் என்று எழுதி வாங்கிய கணினியில் கிராக் செய்த விண்டோஸ் இருந்து நானே ஏமாந்திருக்கிறேன்.

இனி அந்தப் பத்து நிமிடம். உங்கள் கோபத்தின் முக்கால் பங்கு இங்கேதான் இருக்கிறது, அதில் விண்டோஸின் குற்றம் பாதிதான். 2019-இல் அந்த விலைக்கு விற்ற கணினிகளில் சுற்றுகிற ஹார்ட் டிஸ்க்தான் அதிகம். இன்றைய விண்டோஸ் பின்னணியில் ஓயாமல் எதையாவது படித்து எழுதிக்கொண்டே இருக்கும். சுற்றுகிற தட்டுக்கு அந்த ஓட்டம் தாங்காது. சுற்றும் தட்டே இல்லாத டிஸ்க்கான எஸ்எஸ்டி, 256 ஜிபியில் ஒன்றை மாட்டி, ரேமை 8 ஜிபி ஆக்குங்கள். விண்டோஸ் 11-க்கு 4 ஜிபி போதும் என்று காகிதத்தில் எழுதியிருக்கிறது. 4 ஜிபியில் டேலியும் குரோமும் வாட்ஸ்அப்பும் சேர்ந்து ஓடி நான் பார்த்ததில்லை. இந்த இரண்டையும் மாற்ற ஆகும் செலவு புதுக் கணினி விலையில் சிறு பகுதிதான். பழைய டிஸ்க்கைத் தூக்கிப் போடாமல் பேக்கப்புக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

அப்டேட் தொல்லைக்கு மருந்து சின்னது. விண்டோஸ் அப்டேட் பக்கத்தில் 'ஆக்டிவ் ஹவர்ஸ்' இருக்கிறது. காலை ஆறு முதல் இரவு பன்னிரண்டு என்று போட்டுவிட்டால் அந்த நேரத்தில் தானாக ரீஸ்டார்ட் ஆகாது. 18 மணி நேரம்தான் உச்சம்.

காணாமல் போன ஃபைல்கள் அநேகமாகக் காணாமல் போகவே இல்லை. மைக்ரோசாஃப்ட்டின் இணையச் சேமிப்பான ஒன்டிரைவ் ஒருநாள் 'உங்கள் ஃபைல்களை பேக்கப் செய்யட்டுமா' என்று கேட்டிருக்கும், யாரோ சரி என்று தட்டியிருப்பார்கள். உடனே டெஸ்க்டாப் முழுவதும் ஒன்டிரைவ் ஃபோல்டருக்குள் குடியேறிவிடும். இலவச இடம் 5 ஜிபிதான். அது நிறைந்ததும் கத்த ஆரம்பிக்கும். எரிச்சலில் அதை நிறுத்தினால் ஃபைல்கள் அங்கேயே தங்கி, டெஸ்க்டாப் வெறிச்சோடும். அந்த ஃபோல்டரைத் திறந்து, உள்ளே 'டெஸ்க்டாப்' என்ற பெயரில் இருப்பதைப் பாருங்கள். டேலி டேட்டா பொதுவாக வேறு இடத்தில் இருக்கும், அதனால் அது தப்பித்திருக்கும். அதே காரணத்தால் ஒன்டிரைவ் அதை பேக்கப்பும் செய்திருக்காது. அதற்குத் தனி பென்டிரைவ் போடுங்கள்.

சரி, இவ்வளவு இம்சை இருந்தும் ஏன் எல்லாரும் இதையே கட்டிக்கொண்டு அழுகிறார்கள் என்று கேட்டிருந்தீர்கள். இதற்குப் பதில் உங்கள் ஊரிலேயே இருக்கிறது. நகரத்தார் ரங்கூனிலும் பினாங்கிலும் கடை நடத்திய காலத்தில், பெட்டியடிப் பையனாகச் சேர்ந்தவர் அடுத்தாளாகி, மேலே வந்து, வேறு ஊர்க் கடைக்குப் போய் உட்கார்ந்தாலும் பேரேடும் ஐந்தொகையும் அவருக்குப் புதிதாக இருக்காது. கணக்கு எழுதும் முறை ஒன்றே. அதைவிட நல்ல முறை ஒன்றை ஒரு கடை மட்டும் கண்டுபிடித்து வைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? அந்தக் கடைக்கு ஆள் கிடைத்திருக்காது.

விண்டோஸின் பலம் அதுதான். கடையில் வாங்கும் கணினியில் அதுவே போட்டு வருகிறது, பையன்கள் அதிலேயே படிக்கிறார்கள், இன்றைய டேலி அதற்கென்று எழுதப்பட்டது, பிரிண்டர் கம்பெனி முதலில் அதற்குத்தான் டிரைவர் தருகிறது. ஆடிட்டர் ஆபீஸ் பெண்ணும் அதில் பழகியவர். எண்ணிக்கை எண்ணிக்கையை இழுக்கிறது. ஒரு காலத்தில் உலகின் மேசைக் கணினிகளில் 90 சதவீதத்துக்கு மேல் விண்டோஸ் இருந்தது. ஸ்டாட்கவுண்டர் என்ற நிறுவனத்தின் கணக்கில் சமீப ஆண்டுகளில் 70-ஐ ஒட்டி வந்துவிட்டது. லினக்ஸ் 2024 பிப்ரவரியில்தான் உலக அளவில் 4 சதவீதத்தைத் தாண்டியது. அதே ஆண்டு இந்தியாவில் மட்டும் 15 சதவீதம் வாக்கில் காட்டியது. இந்த எண்கள் இணையதளங்களைத் திறக்கும் கணினிகளை வைத்துப் போடும் கணக்கு. கடை மூலையில் நெட் இல்லாமல் பில் மட்டும் போடும் கணினி அதில் வராது. ஆகவே தசமப் புள்ளிக்கெல்லாம் சண்டை போட வேண்டாம்.

உங்கள் மகன் ஒன்று சொல்வான்: உலகின் மிக வேகமான 500 சூப்பர் கம்ப்யூட்டர்களும் 2017 முதல் லினக்ஸில்தான் ஓடுகின்றன, ஆத்தா கையில் இருக்கும் ஆண்ட்ராய்டு போனுக்குள் இருப்பதும் லினக்ஸ் கரு. இரண்டும் உண்மை. ஆனால் சூப்பர் கம்ப்யூட்டரில் யாரும் ஜிஎஸ்டிஆர்-3பி என்ற மாதாந்திர ஜிஎஸ்டி கணக்கைத் தாக்கல் செய்வதில்லை. 20-ஆம் தேதி கடைசி நாள், 19-ஆம் தேதி மாலை ஏழு மணிக்குக் கணினி மக்கர் செய்தால் காரைக்குடியிலிருந்து யார் வண்டியில் வருவார்? உங்களைப் பொறுத்தவரை மார்க்கெட் ஷேர் என்பது இந்த ஒரு கேள்விதான். விண்டோஸ் என்றால் நான்கு பேர் வருவார்கள். லினக்ஸ் என்றால் பெங்களூருக்கு வீடியோ கால்.

டேலிக்கு லினக்ஸ் பதிப்பு கிடையாது. 'ஒயின்' என்ற கருவி மூலம் ஓட்டலாம், ஓட்டுகிறார்கள். ஓடும் வரை அருமை. லைசென்ஸோ பிரிண்ட்டோ தகராறு செய்தால் இரண்டு பக்கமும் 'எங்கள் பொறுப்பில்லை' என்பார்கள். வியாபாரக் கணக்கை அதில் வைக்க நான் சொல்ல மாட்டேன். ஆகவே கடைக் கணினி விண்டோஸ் 11-க்குப் போகட்டும்.

வீட்டில் கிடக்கும் ஐ3-4150 கதை வேறு. விண்டோஸ் 11 அதற்குக் கிடையாது. குறுக்கு வழியில் போட்டுத் தருகிறேன் என்று யாராவது வருவார்கள். அப்படிப் போட்டால் பின்னால் அப்டேட் வரும் என்று மைக்ரோசாஃப்ட் உத்தரவாதம் தரவில்லை. மகன் ஆசையை அதில் நிறைவேற்றுங்கள். லினக்ஸில் ஒரு வகையான லினக்ஸ் மின்ட் 22 இலவசம், 2029 வரை அப்டேட் உண்டு, திரை அமைப்பும் பழைய விண்டோஸ் 7 ஜாடையில்தான் இருக்கும். டிஸ்க்கில் போடுவதற்கு முன் பென்டிரைவிலிருந்தே ஓட்டிப் பார்க்கலாம். பார்க்கும்போது வைஃபை, சத்தம், பிரிண்டர் மூன்றையும் சோதியுங்கள். முக்கியமாகப் பிரிண்டர். ஒருமுறை பழைய லேசர் பிரிண்டர் ஒன்றுக்கு லினக்ஸ் டிரைவர் போட அரை நாள் மல்லுக்கட்டி, கடைசியில் பக்கத்துக் கடையில் பிரிண்ட் எடுத்துக்கொடுத்தவன் நான்.

தமிழ் லேபிளைப் பற்றி ஒரு வரிதான் எழுதியிருக்கிறீர்கள். எனக்கோ அதுதான் பெரிய விஷயமாகப் படுகிறது. 'சீப்புச்சீடை' என்று அச்சாகும் அந்த ஃபைல், அநேகமாக ஒரு டிடிபி சென்டரில் பேஜ்மேக்கர் என்ற பழைய பக்க வடிவமைப்பு மென்பொருளில் பாமினி மாதிரியான பழைய எழுத்துருவில் செய்ததாக இருக்கும். பாமினியில் நீங்கள் பார்க்கும் 'அ' உண்மையில் ஆங்கில எம், அதற்குத் தமிழ் முகமூடி போட்டிருக்கிறது. முகமூடி இல்லாத கணினியில் திறந்தால் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் காற்புள்ளியுமாகக் கொட்டிக் கிடக்கும். நீங்கள் எந்த விண்டோஸுக்குப் போனாலும், எந்த லினக்ஸுக்குப் போனாலும் உங்களைப் பிடித்து இழுக்கப்போவது இதுதான். பேஜ்மேக்கரின் கடைசிப் பதிப்பான 7 வந்தது 2001-இல். எல்லாக் கணினிக்கும் பொதுவான யூனிகோட் முறைத் தமிழும் அதற்குத் தெரியாது.

ஒரு லேபிளை எடுத்து, எழுத்துகளை மட்டும் இலவச எழுத்துரு மாற்றியில் போட்டு யூனிகோடாக்குங்கள். ஒற்றும் கொம்பும் சில இடங்களில் இடம் மாறும், கண்ணால் பார்த்துத் திருத்துங்கள். பிறகு இங்க்ஸ்கேப் என்ற இலவச வரைகலை மென்பொருளில் லேபிளைப் புதிதாக அமையுங்கள். நோட்டோ குடும்பத்துத் தமிழ் எழுத்துருக்கள் போதும், அச்சில் சுத்தமாக விழும். தட்டச்சுக்குத் தமிழ்99 விசைப்பலகை இரண்டு இயங்குதளத்திலும் உண்டு. பத்துப் பலகாரத்துக்குப் பத்து லேபிள் என்றால் இரண்டு மூன்று நாள் மாலை வேலை.

இங்க்ஸ்கேப்பும் லிப்ரே ஆபீஸும் ஃபயர்ஃபாக்ஸும் விண்டோஸிலும் ஓடும், லினக்ஸிலும் ஓடும். இப்போதிருக்கும் கணினியிலேயே அவற்றைப் போட்டு ஒரு மாதம் புழங்குங்கள். லினக்ஸுக்குப் போய்த் திரும்பி வந்தவர்கள் பலர் நேர்மாறாகச் செய்தவர்கள். இயங்குதளத்தையும் மென்பொருளையும் ஒரே நாளில் மாற்றி, ஒரு வாரம் தடவித் தடவிப் பார்த்துவிட்டு, பழி முழுவதையும் லினக்ஸ் மேல் போட்டுவிட்டார்கள். வீட்டுக் கணினியில் லேபிளும் வாட்ஸ்அப்பும் ஆர்டர் பட்டியலும் என்று ஆனபிறகு கடைக் கணினிக்கு டேலியும் ஜிஎஸ்டியும் மட்டும்தான் மிஞ்சும். அதன் பாரமும் குறையும்.

அவசரமா என்றால், ஓரளவு. விண்டோஸ் 10-க்கான இலவச அப்டேட் 2025 அக்டோபர் 14-உடன் முடிந்தது. கணினி அன்றைக்கே நின்றுவிடாது. புதிதாகக் கண்டுபிடிக்கும் ஓட்டைகளுக்கு ஒட்டுப் போட ஆள் இருக்காது, அவ்வளவுதான். வங்கிக் கணக்கு திறக்கும் கணினிக்கு அது நல்லதில்லை. வீட்டு உபயோகக் கணினிகளுக்கு 2026 அக்டோபர் 13 வரை பாதுகாப்பு அப்டேட் மட்டும் தரும் திட்டம் ஒன்றை அறிவித்திருக்கிறார்கள். மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்து செட்டிங்ஸை ஒத்திசைத்தால் கட்டணம் இல்லை, இல்லாவிட்டால் 30 டாலர். நிறுவனங்களுக்கு வேறு கணக்கு, கணினி ஒன்றுக்கு முதல் ஆண்டே 61 டாலர். அந்தக் காசை எஸ்எஸ்டியில் போடுவேன் நான்.

தீபாவளி ஆர்டர் குவியும் நேரத்தில் இதில் கை வைக்காதீர்கள். ஆடியில் கல்யாணப் பலகாரம் இருக்காது, அப்போது வைத்துக்கொள்ளுங்கள். அன்றைக்கு டேலி பேக்கப்பை இரண்டு பென்டிரைவில் எடுத்து, ஒன்றை வேறொரு கணினியில் ரிஸ்டோர் செய்து போன மாதப் பில் தெரிகிறதா என்று பார்த்த பிறகுதான் ஆளைக் கூப்பிட வேண்டும். பயாஸில் அவர் எதை மாற்றுவதற்கு முன்னாலும் அந்தத் திரையைப் போனில் ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.