மெஷின் கெட்டுப்போகவில்லை: ஈபிஆர் கேள்வி-பதில்

ஈபிஆர் என்பது ஜோடி சேராத எலக்ட்ரான்களைக் காந்தப்புலத்தில் வைத்து, அவை மைக்ரோ அலையை விழுங்குவதைக் கோடுகளாகப் பதிவு செய்யும் முறை. இந்த முறை அதைப் பற்றி வந்த கேள்விகளில் பாதிக்கு மேல், "மெஷினில் ஏதோ கோளாறு சார்" என்றுதான் தொடங்குகின்றன. வந்தவற்றில் ஐந்தை எடுத்துக்கொண்டேன். ஐந்திலும் மெஷின் மேல் தப்பில்லை.

தண்ணீரில் டெம்போ (ஜோடி சேராத எலக்ட்ரான் ஒன்று உள்ள நைட்ராக்சைடு மூலக்கூறு) மூன்று கோடு தரும் என்று படித்தேன். எனக்கு ஒரே ஒரு தடித்த மேடுதான் வருகிறது. சாம்பிள் வீணா?

வீணில்லை, டெம்போவை அளவுக்கு மேல் அள்ளிப் போட்டுவிட்டீர்கள். மூன்று கோட்டுக்குக் காரணம் நைட்ரஜன் அணுக்கரு. அதன் ஸ்பின் (அதைக் குட்டிக் காந்தமாக்கும் சுழற்சிப் பண்பு) 1 என்பதால் மூன்று நிலைகள்; தண்ணீரில் கோட்டுக்குக் கோடு இடைவெளி சுமார் 17 காஸ் (காஸ் என்பது காந்தப்புல அலகு). இரண்டு டெம்போ மூலக்கூறுகள் மோதும்போது அவற்றின் எலக்ட்ரான்கள் ஸ்பின்னை மாற்றிக்கொள்கின்றன. ரேஷன் கடையில் மூன்று வரிசை நிற்பதாக வைத்துக்கொள்ளுங்கள். எப்போதாவது ஒருவர் தாவினால் வரிசை லேசாகக் கலையும். ஆளாளுக்குத் தாவினால் மூன்று வரிசை இருந்ததே தெரியாது.

17 காஸ் இடைவெளியை அதிர்வெண்ணில் சொன்னால் சுமார் 48 மெகாஹெர்ட்ஸ். பரிமாற்றம் இதைவிட மெதுவாக நடந்தால் ஒவ்வொரு கோடும் தனித்தனியே தடிக்கும். இதை எட்டிப் பிடித்தால் மூன்றும் ஒன்றாகிவிடும். சில மில்லிமோலாரிலேயே தடிப்பு தெரியும். நூறு மில்லிமோலார் பக்கம் போனால் மேடுதான். 0.2 மில்லிமோலாருக்கு நீர்த்து எடுத்துப் பாருங்கள், மூன்றும் திரும்பி வரும். நானும் மாணவனாக இருந்தபோது இதே மேட்டை வைத்துக்கொண்டு ஒரு ராத்திரி முழுக்க கேவிட்டியை, அதாவது சாம்பிள் வைக்கும் உலோகப் பெட்டியை, துடைத்திருக்கிறேன்.

பரிமாற்றம் கோட்டைத் தடிக்க வைக்கும் என்றால், டிபிபிஎச் (இதுவும் ஜோடி சேராத எலக்ட்ரான் உள்ள மூலக்கூறுதான்) பொடியின் கோடு மட்டும் ஏன் அவ்வளவு மெல்லிசு? அதில்தானே மூலக்கூறுகள் நெருக்கியடித்துக் கிடக்கின்றன?

இந்தக் கேள்வியைக் கேட்டவர் விஷயத்தின் மையத்தைத் தொட்டுவிட்டார். நீர்த்த பென்சீன் கரைசலில் டிபிபிஎச் ஐந்து கோடு தரும். ஏறக்குறைய ஒரே மாதிரியான இரண்டு நைட்ரஜன்கள் செய்யும் வேலை அது. பொடியில் ஒரே கோடு, சில காஸ் அகலம், ஜி மதிப்பு (கோடு எந்தப் புலத்தில் விழும் என்று சொல்லும் எண்) 2.0036. அக்கம்பக்கத்து ஸ்பின்களின் காந்தப்புலம் மட்டும் இருந்திருந்தால் அந்தக் கோடு பல பத்து காஸ் விரிந்திருக்கும்.

விரியாததற்குக் காரணமும் அதே பரிமாற்றம்தான். டெம்போவில் அது கோடுகளின் இடைவெளியோடு போட்டி போடும் வேகத்தில் இருந்தது. இங்கே அந்த இடைவெளியை எல்லாம் எங்கோ தாண்டிப் போய்விட்டது. எலக்ட்ரான் எந்த ஒரு புலத்தையும் நின்று உணர்வதற்குள் அடுத்தது வந்துவிடுகிறது. மிஞ்சுவது சராசரி மட்டும். தோராயக் கணக்கு எளிது: அக்கம்பக்கத்து ஸ்பின்கள் மட்டும் தந்திருக்கும் அகலத்தின் (இருமுனை அகலம்) வர்க்கத்தை, பரிமாற்ற வேகத்தைக் காஸில் சொல்லும் பரிமாற்றப் புலத்தால் வகுத்தால் கோட்டின் அகலம். வகுக்கும் எண் பெருக்கப் பெருக்கக் கோடு இளைக்கும்.

காப்பர் அசிடேட்டைக் குளிர வைத்தால் சிக்னல் கூட வேண்டாமா? எனக்குக் குறைந்துகொண்டே போகிறது.

குறையத்தான் வேண்டும். ஆக்ஸ்ஃபோர்டில் பிளீனியும் போவர்ஸும் 1952-இல் இதற்குக் காரணம் சொல்லிவிட்டார்கள். இந்தப் படிகத்தில் செம்பு அயனிகள் ஜோடி ஜோடியாக, சுமார் 2.6 ஆங்ஸ்ட்ராம் தள்ளி உட்கார்ந்திருக்கின்றன. ஒன்றின் ஸ்பின் மேல் என்றால் மற்றதன் ஸ்பின் கீழ். மொத்தம் பூஜ்யம், சிக்னல் இல்லை. இரண்டு ஸ்பின்களும் ஒரே பக்கம் சேரும் மும்மை நிலைதான் சிக்னல் தரும்; அது ஆற்றலில் சுமார் 300 அலை எண் (செ.மீ.⁻¹) உயரத்தில் இருக்கிறது. அறை வெப்பத்தில் பத்து ஜோடிக்கு நாலு அங்கே ஏறியிருக்கும். 77 கெல்வினில் நூற்றுக்கு ஒன்றுதான். அப்போதும் 3000 காஸ் பக்கம் ஒரு சிக்னல் வளர்ந்தால், அது ஜோடி சேராத செம்பு, அதாவது கலப்படம்.

பாலக் கீரையிலிருந்து எடுத்த ஃபெரெடாக்சின், அதாவது இரண்டு இரும்பு அணுக்கள் உள்ள புரதம். எலக்ட்ரான் ஏற்றி ஒடுக்கியும் அறை வெப்பத்தில் ஒன்றுமே தெரியவில்லை.

தெரியாது. மேலே ஏறிய ஸ்பின் கீழே திரும்ப எடுக்கும் நேரம்தான் தளர்வு நேரம். அறை வெப்பத்தில் இந்த இரும்புக்கு அது மிகக் குறைவு; அது குறையக் குறையக் கோடு விரியும். தளர்வு நேரம் 100 நானோவினாடி என்றால் கோட்டின் அகலம் சுமார் 0.7 காஸ், 1 நானோவினாடி என்றால் 66 காஸ், 10 பிக்கோவினாடி என்றால் 6600. எக்ஸ் பேண்டில் (சுமார் 9.5 கிகாஹெர்ட்ஸ் மைக்ரோ அலையில்) நீங்கள் நிற்கும் புலமே 3400 காஸ்தான்! கோடு இருக்கிறது, ஆனால் தரைக்கோட்டோடு தரைக்கோடாகப் படுத்துவிட்டது. குளிர்விக்க ஹீலியம் கிடைத்தால் 20 கெல்வின் பக்கம் போங்கள், தளர்வு மெதுவாகும். 5/2 ஸ்பின் இரும்பும் 2 ஸ்பின் இரும்பும் எதிரெதிராகப் பிணைந்து அரை ஸ்பின் மிச்சம் வைக்கும், 2.05, 1.96, 1.89 என்ற ஜி மதிப்புகளில் அதைப் பார்க்கலாம்.

சிக்னல் சின்னதாக இருக்கிறதென்று மைக்ரோ அலையின் பவரை ஏற்றினேன். கோடு தடித்ததுதான் மிச்சம்.

அது செறிவடைதல். தளர்ந்து கீழே வர நேரம் கொடுக்காமல் ஸ்பின்களை மேலே தள்ளிக்கொண்டே இருக்கிறீர்கள். சிக்னலின் உயரம் பவரின் வர்க்கமூலத்தோடு நேராக ஏறுகிறதா என்று ஒரு வரைபடம் போடுங்கள். வளையத் தொடங்கும் இடத்துக்கு நன்றாகக் கீழே வேலை செய்யுங்கள். அப்புறம் மாடுலேஷனையும், அதாவது சிக்னலைப் பிடிக்கப் புலத்தை லேசாக ஆட்டும் அளவையும், பாருங்கள். கோட்டு அகலத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வைத்திருந்தால், பவரை எவ்வளவு இறக்கினாலும் கோடு தடியாகத்தான் தெரியும்.