பத்து லட்சத்துக்கு மேல் ஒரு பதினைந்தாயிரம்

கேள்வி: என் மகன் முதன்முதலாக கார் வாங்கப் போகிறான். அவன் பார்த்து வைத்திருக்கும் பெட்ரோல் வண்டியில் ஒரு வேரியன்ட் 9 லட்சத்து 85 ஆயிரம். அதற்கு அடுத்தது 10 லட்சத்து 15 ஆயிரம். அதில் பக்கவாட்டு ஏர்பேக்குகளும் சேர்ந்து வருகின்றன. விலையில் 30 ஆயிரம்தான் வித்தியாசம். வரியெல்லாம் சேர்ந்த ஆன்ரோடு கணக்கிலோ 90 ஆயிரத்தைத் தாண்டிவிடுகிறது. ஷோரூமில் ஏமாற்றுகிறார்களா? புதுச்சேரியில் பதிவு செய்தால் மிச்சம் என்கிறார் உறவினர் ஒருவர். ‘கார் வாங்க வசதி இருக்கிறது, வரி கட்ட வலிக்கிறதா?’ என்று கேட்கிறார் இன்னொருவர். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?
– வாசகர், தாராபுரம்

பதில்: ஷோரூமில் ஏமாற்றவில்லை. சட்டமே அப்படித்தான் இருக்கிறது.

தமிழ்நாட்டில் இப்போது காருக்கான வாழ்நாள் வரி, அதாவது பதிவின்போது ஒரே தடவையாகக் கட்டும் சாலை வரி, நான்கு படிகளில் போகிறது. 5 லட்சம் வரை 12 சதவீதம், அதற்கு மேல் 10 லட்சம் வரை 13, அடுத்து 20 லட்சம் வரை 18, அதையும் தாண்டினால் 20. உங்கள் மகன் பார்த்த முதல் வண்டிக்கு 13 சதவீதம் என்றால் 1,28,050 ரூபாய். இரண்டாவதற்கு 18 சதவீதம், 1,82,700 ரூபாய். 30 ஆயிரம் ரூபாய் கூடுதல் பொருளுக்கு 54,650 ரூபாய் கூடுதல் வரி. மீதி 10,150 ரூபாய் டிசிஎஸ், அதாவது வண்டி விற்பவர் நம்மிடம் முன்கூட்டியே பிடிக்கும் வருமான வரி. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

வருமான வரியில் என்ன செய்கிறார்கள்? ஒரு படியைத் தாண்டினால், தாண்டிய தொகைக்கு மட்டும்தான் கூடுதல் விகிதம். அதே கணக்கைக் காருக்கும் போட்டால், முதல் 10 லட்சத்துக்கு 13 சதவீதம், மேலே இருக்கும் 15 ஆயிரத்துக்கு 18 சதவீதம். மொத்தம் 1,32,700 ரூபாய். சட்டம் கேட்பதோ இதைவிட 50 ஆயிரம் அதிகம். பத்து லட்சத்துக்கு மேலே ஏறிய அந்தப் பதினைந்தாயிரத்துக்காக, கீழே இருக்கும் பத்து லட்சத்துக்கும் சேர்த்து 18 சதவீதம் வாங்குகிறார்கள். எனக்குக் கோபம் வருவது இந்த இடத்தில்தான்.

வரியை உயர்த்தியதையே குறை சொல்ல நான் வரவில்லை. 2023 அக்டோபரில் போக்குவரத்துத் துறை அமைச்சர் சிவசங்கர் சட்டமன்றத்தில் அந்தத் திருத்தத்தைக் கொண்டுவந்தபோது, பத்து ஆண்டுகளுக்கும் மேலாக விகிதம் மாறாமல்தான் இருந்தது. அரசுக்குப் பணம் வேண்டும். கார் வைத்திருப்பவர் பஸ்ஸில் போகிறவரைவிடக் கூடுதலாகக் கொடுக்கலாம். நியாயம்தான். ஆனால் பழைய முறையில் 10 லட்சம் வரை 10 சதவீதம், அதற்கு மேல் 15 சதவீதம். சதவீதத்தைத் தூக்கினார்கள், 10 லட்சம் என்ற எல்லைக்கோட்டை மட்டும் இருந்த இடத்திலேயே விட்டுவிட்டார்கள். அதற்குள் காரின் விலை எங்கேயோ போய்விட்டது. 2019-இல் சக்கரம் சறுக்காமல் தடுக்கும் ஏபிஎஸ் பிரேக் கட்டாயம், 2020-இல் புகையைக் குறைக்கும் பிஎஸ் 6 என்ஜின், பிறகு முன்பக்கம் இரண்டு ஏர்பேக். எல்லாமே தேவையானவை, எல்லாமே விலையில் ஏறியவை. ஒரு காலத்தில் 10 லட்சம் கொடுத்தால் பெரிய கார் வரும். இன்றைக்கு அந்தப் பணத்துக்கு நடுத்தரக் குடும்பத்தின் சின்ன கார்தான் வருகிறது.

புதிய விகிதம் நடைமுறைக்கு வந்தது 2023 நவம்பர் 9, வியாழக்கிழமை. அந்த ஞாயிறு தீபாவளி. எங்கள் அலுவலகத்தில் பக்கம் வடிவமைக்கும் தம்பி ஒருவர், தீபாவளிக்கு வீட்டு வாசலில் வண்டி நிற்க வேண்டும் என்று அக்டோபரிலேயே புக் செய்திருந்தார். 12 லட்சத்து 40 ஆயிரம் விலை. வண்டி வர ஒரு வாரம் தள்ளிப்போனது. பதிவுக்குப் போகும்போது தேதி 10. அவர் கொண்டுவந்து காட்டிய கொட்டேஷன் தாள் இன்னும் கண்ணில் நிற்கிறது: அச்சடித்த 1,86,000-ஐ நீலப் பேனாவால் அடித்து, பக்கத்திலேயே 2,23,200 என்று கையால் எழுதியிருந்தார்கள். ஒரு கையெழுத்து, ஒரு ரப்பர் ஸ்டாம்ப், அவ்வளவுதான். புக்கிங் தேதிக்கு மதிப்பில்லை, பதிவாகும் நாளில் என்ன விகிதமோ அதுதான். 37,200 ரூபாய்க்கு அவர் மனைவியின் வளையல் அடகுக்குப் போனது. முன்பே பணம் கட்டிக் காத்திருந்தவர்களுக்கு ஒரு மாதம் அவகாசம் கொடுத்திருக்கலாம் என்று அன்றும் எழுதினேன், இன்றும் சொல்கிறேன்.

‘வரி கட்ட வலிக்கிறதா?’ என்று கேட்டவருக்கு இதைச் சொல்லுங்கள். பெரும்பாலானோர் இந்த வரியைக் கையிலிருந்து கட்டுவதில்லை, கடனில் சேர்த்துக் கட்டுகிறார்கள். 54,650 ரூபாயை 9 சதவீத வட்டியில் ஏழு வருடத்துக்குப் போட்டால் மாதம் சுமார் 880 ரூபாய். முடிக்கும்போது 74 ஆயிரம் ரூபாய் கிட்ட வந்திருக்கும். அப்புறம், இந்த வரியே ஜிஎஸ்டி சேர்ந்த விலையின் மேல்தான் போடப்படுகிறது. வரிக்கு வரி, அதற்கு வட்டி. சம்பளக்காரருக்கு வலிக்கத்தான் செய்யும்.

சாலையைத் தேய்ப்பது வண்டியின் எடை, விலை அல்ல. உங்கள் மகன் பார்த்த இரண்டு வண்டிகளுக்கும் எடையில் பெரிய வித்தியாசம் இருக்காது. வித்தியாசமெல்லாம், பக்கவாட்டில் இன்னொரு வண்டி மோதினால் உள்ளே இருப்பவரின் தலைக்கும் கதவுக்கும் நடுவே விரியும் ஒரு பை. அதற்குத்தான் அரசு 54,650 ரூபாய் கேட்கிறது. எத்தனை வீடுகளில் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்துவிட்டு, ‘சரி, கீழே இருக்கிற வேரியன்ட்டையே எடுப்போம்’ என்று முடிவு செய்திருப்பார்கள்? விபத்துகளைக் குறைக்க வேண்டும் என்று மேடைக்கு மேடை பேசும் அரசு, பாதுகாப்பான வண்டியிலிருந்து மக்களை விரட்டும் ஒரு வரியை வைத்திருக்கலாமா?

இதே கோடு மறுபக்கமாகவும் வேலை செய்கிறது. 2025 செப்டம்பர் 22 முதல் சின்ன பெட்ரோல் கார்களுக்கு ஜிஎஸ்டியும் அதன் மேல் வாங்கிய செஸ் என்ற கூடுதல் வரியும் சேர்ந்த 29 சதவீதம் 18 ஆகக் குறைந்தது. குறைப்பை நிறுவனம் முழுதாகக் கொடுத்திருந்தால், 10 லட்சத்து 60 ஆயிரத்துக்கு விற்ற கார் 9 லட்சத்து 70 ஆயிரத்துக்குள் வந்திருக்கும். சாலை வரி 1,90,800-இலிருந்து சுமார் 1,26,000 ஆகியிருக்கும். மாநில அரசு தன் விகிதத்தைத் தொடவே இல்லை. கோட்டுக்கு இந்தப் பக்கம் வந்ததால் மட்டும் கிடைத்த லாபம் அது. 9.20 லட்சத்திலிருந்து 8.40 லட்சத்துக்கு இறங்கிய காரை வாங்கியவருக்கு அந்த லாபம் இல்லை. ஒருவருக்கு அதிர்ஷ்டம், ஒருவருக்கு அடி என்று இருப்பதை வரிக்கொள்கை என்று எப்படிச் சொல்வது? மேலே தாண்டிய தொகைக்கு மட்டும் கூடுதல் விகிதம் என்று சட்டத்தில் ஒரு வாக்கியத்தைத் திருத்தினால் போதும். வருமானம் கொஞ்சம் குறையும்தான். அதை 20 லட்சத்துக்கு மேல் போகும் கார்களில் அரசு ஈடுகட்டிக்கொள்ளட்டும்.

புதுச்சேரி யோசனை வேண்டாம். மோட்டார் வாகனச் சட்டத்தின் 40-ஆவது பிரிவுப்படி, நீங்கள் வசிக்கும் அல்லது தொழில் செய்யும் ஊரில், வண்டி வழக்கமாக நிற்கும் இடத்தில்தான் பதிவு செய்ய வேண்டும். வேறு மாநிலப் பதிவு வண்டியை இங்கே 12 மாதத்துக்கு மேல் வைத்திருந்தால் மறுபதிவு செய்ய வேண்டும் என்கிறது 47-ஆவது பிரிவு. அப்போது இங்கத்திய வரியையும் கட்ட வேண்டும். போலி முகவரி கொடுத்துப் புதுச்சேரியில் பதிவு செய்ததாக, 2017-இல் கேரளத்தில் பிரபலங்களே வழக்கில் சிக்கினார்கள். மகனின் முதல் கார் ஒரு பொய் முகவரியோடு தொடங்க வேண்டாம்.

என்னைக் கேட்டால், ஏர்பேக் கூடுதலாக உள்ள வண்டியையே எடுக்கச் சொல்லுங்கள். கொட்டேஷனை வாங்கி வரி வரியாகப் பாருங்கள். வாழ்நாள் வரி, பதிவுக் கட்டணம் இரண்டும் அரசுக்குப் போவது; அவற்றில் பேரம் இல்லை. ‘ஹேண்ட்லிங் சார்ஜ்’ என்று ஒரு தொகை இருந்தால் கட்ட மாட்டேன் என்று சொல்லுங்கள். இன்சூரன்ஸை ஷோரூமில்தான் எடுக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை; வெளியே இரண்டு இடத்தில் விசாரியுங்கள். சீட் கவர், கோட்டிங், ஆக்சசரிஸ் பேக்கேஜ் எல்லாவற்றையும் அடித்துவிடுங்கள். வண்டி விலை 10 லட்சத்தைத் தாண்டுவதால் ஒரு சதவீதம் டிசிஎஸ் பிடிக்கிறார்கள், 10,150 ரூபாய். அது மகனின் பான் எண்ணில் பதிவாகியிருக்கும். வருமான வரி ரிட்டர்ன் போடும்போது மறக்காமல் கழித்துக்கொள்ளச் சொல்லுங்கள்.