எந்த ஆற்றை முதலில் எடுப்பது? அதற்கும் படிக்க வேண்டும்

வணக்கம் ஐயா,

"ஆறு தோண்டுகிற வேலைக்கு மேற்படிப்பு எதற்கு?" என்று கேட்டிருந்தீர்கள். கட்டுமானம் படிப்பாள் என்று நினைத்திருந்த மகள் நீர்வளம் படிக்கப் போகிறேன் என்றால் கவலை வரத்தான் செய்யும். ஆனால் தோண்டுவது பொக்லைன். அவள் போக நினைப்பது அதற்கு முந்தைய இடத்துக்கு. நூறு ஆறுகள் வடிகால் வேலைக்கு, அதாவது தேங்கும் தண்ணீர் வடியும்படி ஆழப்படுத்தும் வேலைக்குக் காத்திருக்கின்றன, பணமோ பத்துக்குத்தான் இருக்கிறது என்றால், எந்தப் பத்து என்று கணக்குப் போட்டுச் சொல்கிற இடம் அது.

அயர்லாந்தைப் பாருங்கள். தண்ணீர் தேங்கி மேய்ச்சல் நிலம் வீணாவது அங்கே பழைய தொல்லை. 1945-இல் ஆற்று வடிகாலுக்கென்றே சட்டம் கொண்டுவந்து, பொறுப்பை அரசின் பொதுப்பணித் துறையிடம் கொடுத்தார்கள். ஆற்றைத் துண்டு துண்டாக எடுக்காமல் முழு வடிநிலமாக, அதாவது அந்த ஆற்றுக்குத் தண்ணீர் வந்து சேரும் பகுதி முழுவதையும் சேர்த்து எடுக்க வேண்டும் என்பது ஏற்பாடு. 1948-இல் பிராஸ்னா ஆற்றில் வேலை தொடங்கியது. பாய்ன் ஆற்றுக்கு முறை வந்தபோது 1969 ஆகிவிட்டது. நடுவில் 'எங்கள் ஆறு எப்போது?' என்று உறுப்பினர்கள் நாடாளுமன்றத்தில் கேட்டுக்கொண்டே இருந்தார்கள்.

பணம் மட்டும் காரணமில்லை. மேட்டில் இருக்கிற ஊரின் ஓடையை முதலில் ஆழப்படுத்தினால், வெள்ளம் இன்னும் வேகமாக இறங்கிக் கீழே இருக்கிறவர் வயலில் போய் நிற்கும். அதனால் ஆறு போய்ச் சேரும் முனையிலிருந்து மேல்நோக்கித்தான் வேலை வர வேண்டும். சின்ன ஓடைக்காரர் எவ்வளவு செல்வாக்கு உள்ளவராக இருந்தாலும் பெரிய ஆறு முடிகிறவரை காத்திருக்க வேண்டியதுதான். (செல்வாக்கு வரிசையை நகர்த்துவதே இல்லை என்று சொல்ல மாட்டேன்.)

அப்புறம் பலன் கணக்கு. எத்தனை ஏக்கர் என்பது மட்டும் போதாது. இன்று அங்கே என்ன விளைகிறது, வடிந்த பிறகு என்ன விளையும், அந்த வித்தியாசம்தான் பலன். அது பல பத்தாண்டுகளில் கொஞ்சம் கொஞ்சமாக வருவது. அதை இன்றைய மதிப்புக்குக் கொண்டுவந்து செலவோடு ஒப்பிடுவார்கள். எதை எண்ணுகிறோம் என்பது மாறினால் வரிசையே மாறும். அயர்லாந்தில் விவசாய நிலத்துக்காக மூன்று ஆண்டுக்கு ஒருமுறை வரக்கூடிய வெள்ளத்தை வைத்து ஆறுகளை வடிவமைத்தார்கள். வீடுகளுக்கு அது பத்தாது. 1995-இல் சட்டத்தைத் திருத்தி, ஊர்களைக் காக்கும் தனித் திட்டங்களுக்கு வழி செய்தார்கள். ஏக்கரை எண்ணியவர்கள் வீடுகளை எண்ண ஆரம்பித்தார்கள். மீன் முட்டையிடும் சரளைப் படுகைகளைத் தோண்டி எடுத்ததன் நஷ்டமும் பிறகுதான் கணக்கில் ஏறியது.

ஒருமுறை சர்வே குழுவோடு நானும் போயிருந்தேன். இடுப்பளவு தண்ணீரில் ஒரு பெண் ஸ்டாஃப் என்கிற அளவுக்கோலைப் பிடித்து நிற்க, கரையிலிருந்து கருவியில் பார்த்து லெவல், அதாவது படுகையின் உயரம் எடுத்தார்கள். பழைய பாலம் ஒன்றின் அடியில் கல் தளம் ஆற்றுப் படுகையைவிட உயரமாக இருந்தது. மேலே எத்தனை தோண்டினாலும் தண்ணீர் அந்தத் தளத்துக்குக் கீழே இறங்காது. பாலத்தின் அஸ்திவாரத்தைத் தாழ்த்தும் செலவைச் சேர்த்ததும் அந்த ஆறு பட்டியலில் சரசரவென்று கீழே போனது.

சரி, என்ன படிக்கச் சொல்வது? நீரியல், திறந்த வாய்க்கால் ஓட்டம், ஜிஐஎஸ் (கணினியில் வரைபடத் தகவல்களைக் கையாளும் முறை) மூன்றும் கட்டாயம். விருப்பப் பாடமாகப் பொருளாதாரம் ஒன்றை எடுக்கட்டும். பொறியியல் மாணவர்கள் இதைத்தான் தவறவிடுகிறார்கள். நன்றாக எழுதவும் பழக வேண்டும், ஏனென்றால் 'உங்கள் ஆறு இந்த முறை இல்லை' என்பதை ஒரு கூட்டத்துக்கு முன்னால் விளக்குவதும் இந்த வேலைதான். அரசுப் பணியிடங்கள் வருடா வருடம் வராது, ஆலோசனை நிறுவனங்களில் தொடங்குவது நல்லது. ஆரம்பச் சம்பளம் மென்பொருள் நண்பர்களோடு ஒப்பிட்டால் குறைவாகத் தெரியலாம். அதை இப்போதே அவளிடம் சொல்லிவிடுங்கள்.

விண்ணப்பத்துக்கு முன், விடுமுறையில் ஒரு சர்வே குழுவோடு ஒரு வாரம் போய் வரட்டும். திரும்பி வந்து, ஆற்றைக் குறுக்கே வெட்டினால் தெரியும் வடிவத்தைக் காட்டும் குறுக்குவெட்டுப் படத்தை உங்களுக்கு விளக்கும்போது அவள் முகத்தைப் பாருங்கள், அப்புறம் எனக்கு எழுதுங்கள்.