கேளுங்கள், சொல்கிறோம்: மரத்தில் ஒரு டைட்டானிக்

கேள்வி: டைட்டானிக் கப்பலின் மாதிரியை ஏறக்குறைய ஒரு மீட்டர் நீளத்தில் செய்ய ஆசை. ஒரே தேக்குக் கட்டையைச் செதுக்கலாமா?
– வாசகர், காரைக்குடி

பதில்: வேண்டாம். தடித்த கட்டையின் மேற்புறம் முதலில் உலர்ந்து சுருங்கும், உள்ளே ஈரம் நிற்கும். அந்த இழுபறியில்தான் வெடிப்பு விழுகிறது. பலகைகளை அடுக்கி ஒட்டுங்கள். தேக்கின் எண்ணெய்ப்பசை ஒட்டைப் பிடிக்க விடாது. தவிர, மேலே கறுப்புப் பெயின்ட் அடித்து மூடப்போகும் உடலுக்கு அது வீண்செலவு. குமிழ் மரம் போதும், உளிக்கு நன்றாக இணங்கும். வாங்கிய பலகையை வாரம் ஒருமுறை எடைபோடுங்கள். எடை குறைவது நின்ற பிறகு அறுக்கலாம்.

அளவு 1:250 என்று வைத்தால், 269 மீட்டர் நீளம் 107.6 செ.மீ. ஆகும், 28.2 மீட்டர் அகலம் 11.3 செ.மீ. ஆகும். நீருக்குள் இருக்கும் ஆழம் சுமார் 10.5 மீட்டர், அதாவது 42 மி.மீ. ஆகவே அடியில் 14 மி.மீ. பலகை மூன்று வைத்தால், மூன்றாவதன் மேல்விளிம்பே நீர்மட்டக் கோடு. கீழே சிவப்பு, மேலே கறுப்பு.

ஒட்டுவதற்கு முன்பே மேல்பலகைகளின் நடுவை வெட்டி எடுத்து, 15 மி.மீ. சுவர் விடுங்கள். அடிப்பலகையைத் தொடாதீர்கள். அதையும் குடைந்தால், வளைவு செதுக்கும்போது அங்கே ஓட்டை விழும். எல்லாப் பலகையிலும் ரேகை நீளவாக்கிலேயே ஓட வேண்டும். மேல்தளம் நடுவில் தாழ்ந்து இரு முனைகளிலும் உயரும் என்பதால், மேல்பலகையைச் சற்றுத் தடிமனாக வைத்து, அட்டை அச்சு வைத்துப் பார்த்து இழையுங்கள்.

கேள்வி: ‘டைட்டானிக்’ என்று சொல்லி விற்ற மர மாதிரி ஒன்று வாங்கினேன். சரியானதுதானா?
– வாசகி, தூத்துக்குடி

பதில்: உயிர்காக்கும் படகுகள் இருக்கும் தளத்துக்கு நேர் கீழ்த்தளத்தைப் பாருங்கள். அதன் முன்பாதி ஜன்னல்களால் அடைபட்டிருந்தால் டைட்டானிக். முழுக்கத் திறந்திருந்தால் அது 1911இல் ஓடத் தொடங்கிய அக்கா கப்பல் ஒலிம்பிக். சுழல்விசிறி மூன்றுதான். நான்கு இருந்தால் செய்தவர் வேறு கப்பலைப் பார்த்திருக்கிறார். புகைபோக்கி உருளைக் கம்பாக இருப்பதுதான் கடைச் சரக்கின் நிரந்தர நோய். உண்மையில் அது நீள்வட்டம்: 1:250இல் சுமார் 30க்கு 23 மி.மீ., நீள்பக்கம் முன்பின்னாக, பின்னோக்கிச் சாய்ந்து நிற்கும். கரிப்புகைக் கறை பூசுவதானால் முதல் மூன்றோடு நிறுத்துங்கள். நான்காவது பெரும்பாலும் காற்றோட்டத்துக்கு, கொதிகலன் புகை அதில் வராது.

கேள்வி: மாதிரிக் கப்பலின் பெயின்டில் பலகை இணைப்பு நெடுகக் கோடு விழுகிறதே?
– வாசகர், ஈரோடு

பதில்: உட்புறத்துக்கு சீலர் (மரத்தில் ஈரம் ஏறாமல் அடைக்கும் அடிப்பூச்சு) அடிக்காமல் விட்டிருப்பீர்கள். மழைக்காலத்தில் மரம் உள்பக்கமாக ஈரம் வாங்கி அகலவாக்கில் உப்புகிறது, வெளிப்பூச்சு விரிய முடியாமல் பிளக்கிறது. கோடு விழுந்த இடத்தை 180 எண் உப்புத்தாளால் தேய்த்து, பட்டி பார்த்து, 320இல் மறுபடி தேயுங்கள். மேல்தளத்தைத் திறக்க முடிந்தால் உள்ளேயும் இரண்டு கை சீலர் கொடுத்த பிறகே வெளிப்பூச்சு. திறக்க முடியாத மாதிரி என்றால் பட்டி மட்டும் பார்த்துப் பயனில்லை, அடுத்த மழைக்கு அதே இடத்தில் விரியும்.