பதினைந்தாம் வருடமும் அதே மைக்ரான்

தம்பி, கோவையில் ஆறு வருடம் விஎம்சி என்ற உலோகம் வெட்டும் மெஷினை ஓட்டிவிட்டு, போன மாதம்தான் ஜெர்மனியில் ஸ்டுட்கார்ட் பக்கம், அப்படிப்பட்ட மெஷின்களைச் செய்யும் ஒரு மெஷின் டூல் கம்பெனியில் அசெம்பிளி வேலைக்கு வந்திருப்பதாக எழுதியிருந்தீர்கள். "பாதி விலைக்குத் தைவான் மெஷின் கிடைக்கும்போது ஜெர்மன் மெஷினுக்கு ஏன் இவ்வளவு மதிப்பு? பெயருக்குத்தான் காசா? எனக்கு இங்கே கற்றுக்கொள்ள ஏதாவது இருக்கிறதா?" என்று கேட்டீர்கள். எஸ்லிங்கனுக்கும் நூர்ட்டிங்கனுக்கும் நடுவில் இருபத்திரண்டு வருடமாக இதே வேலையில் இருப்பவன் என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதலில் ஒரு விஷயம். புது மெஷினில் ஒரு டெஸ்ட் பீஸ் வெட்டி அளந்து பார்த்தால், நல்ல ஜப்பான் மெஷினும் நல்ல தைவான் மெஷினும் ஜெர்மன் மெஷின் தரும் அளவையே தரும். அதில் வித்தியாசம் தேடாதீர்கள். மூன்று ஷிஃப்ட் ஓடி, ஆபரேட்டர் பத்துப் பேர் மாறி, இரண்டு மூன்று தடவை டூல் இடித்து, அதற்கப்புறம் பதினைந்தாம் வருடத்தில் டயல் என்ற அளவுமானியை வைத்துப் பாருங்கள். அப்போதும் அதே மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) காட்டுகிறதா என்பதுதான் கேள்வி. இங்கே செய்யும் நல்ல மெஷின்களுக்குக் கிடைக்கும் விலை அதற்குத்தான்.

அது எங்கிருந்து வருகிறது என்று எனக்குக் காட்டியவர் ஒரு வயதான ஃபிட்டர். நான் சேர்ந்த புதிதில் அவருக்கு ஓய்வு பெற மூன்று வருடம் இருந்தது. வார்ப்பிரும்புப் பரப்பின் மேல், ப்ளூ என்ற நீல மை தடவிய ஸ்ட்ரெயிட் எட்ஜை (மிகத் தட்டையான இரும்புச் சட்டத்தை) வைத்து மெதுவாக இழுப்பார். மேடான இடத்தில் மட்டும் நீலம் ஒட்டும். ஸ்கிரேப்பர் என்ற சீவுளியின் கைப்பிடியை இடுப்பில் முட்டுக்கொடுத்து, உடம்பால் தள்ளி, அந்த மேட்டை ஓரிரண்டு மைக்ரான் மட்டும் சீவுவார். துடைப்பார். மறுபடி ப்ளூ, மறுபடி இழுப்பு. ஒரு சதுர அங்குலத்துக்குள் இருபது புள்ளிக்கு மேல் விழும்வரை விடமாட்டார். சீவின குழிகளில் எண்ணெய் தங்கும், அதனால் தேய்மானமும் குறையும். இப்போது மெஷினின் பாகங்கள் நகர்வது பெரும்பாலும் லீனியர் கைடு என்ற தண்டவாளத்தின் மேல்தான் என்றாலும், உயர்ந்த ரக மெஷின்களில் ஸ்பிண்டில் ஹெட் (டூலைச் சுழற்றும் தலைப்பகுதி) உட்காரும் முகத்தையும் கைடு உட்காரும் பரப்பையும் இன்னும் கையால்தான் சரிசெய்கிறார்கள். அவர் நகத்தடியில் எப்போதும் நீலம் இருக்கும். எந்த சோப்புக்கும் அது போகாது.

அவரிடம் நான் படித்த இன்னொரு பாடம் வெப்பம். முதல் குளிர்காலத்தில் ஒரு மெஷினின் நிமிர்ந்து நிற்கும் தூண் செங்குத்தாக இருக்கிறதா என்று மதியம் சரிபார்த்து, தாளில் எழுதிக் கையெழுத்தும் போட்டுவிட்டேன். அன்று மாலை லாரிக்காகப் பெரிய கதவைத் திறந்து வைத்திருந்தார்கள். வெளியே மைனஸ் ஆறு. மறுநாள் காலையில் பார்த்தால் ஒன்பது மைக்ரான் மாறியிருந்தது. ஒரு மீட்டர் எஃகு, ஒரு டிகிரிக்கு 11 முதல் 12 மைக்ரான் வரை நீளும். உலகம் முழுக்க அளவுகளுக்கு 20 டிகிரியை அடிப்படையாக வைத்திருப்பது இதனால்தான். அவர் என்னைத் திட்டவில்லை. "அளவு எழுதின இடத்துக்குப் பக்கத்தில் காஸ்டிங்கின் வெப்பநிலை எங்கே?" என்று மட்டும் கேட்டார். அன்றிலிருந்து வெப்பநிலை எழுதாமல் நான் ஒரு அளவும் எழுதினதில்லை. நீங்களும் இன்றே ஆரம்பித்துவிடுங்கள்.

சரி, இப்படிப்பட்ட ஆட்கள் எங்கிருந்து வருகிறார்கள்? ஆஸ்பில்டுங் என்ற தொழிற்பயிற்சியிலிருந்து. பதினாறு, பதினேழு வயதில் கம்பெனியில் சேர்ந்து, வாரத்தில் சில நாள் ஷாப் என்ற பட்டறைத் தளத்திலும் மற்ற நாள் தொழிற்பள்ளியிலும் என்று மூன்றரை வருடம். ஆரம்ப மாதங்களில் அரம் பிடித்து இரும்பை ராவுவதுதான் வேலை. அப்புறம் சிலர் மைஸ்டர், அதாவது தலைமைத் தொழிலாளி ஆவதற்கான தேர்வு எழுதுவார்கள். ஷாப்பில் மைஸ்டர் சொன்னால் டிசைன் இன்ஜினியரும் டிராயிங்கைத் திருத்துவார். நம் ஊரில் ஐடிஐ படித்தவரை இந்த இடத்தில் உட்காரவைத்துப் பேசும் வழக்கம் இல்லை. எனக்கு இன்றும் வருத்தம் தரும் விஷயம் அது. டிட்ஸிங்கனில் இருக்கும் ட்ரும்ஃப் கம்பெனிக்குள் 1950இல் பயிற்சியாளராக நுழைந்த பெர்த்தோல்ட் லைபிங்கர் பிற்பாடு அதன் தலைவராகவே ஆனார். தகடு வெட்டும் மெஷின் செய்துகொண்டிருந்த கம்பெனியை லேசர் பக்கம் திருப்பியவர் அவர். இன்று நெதர்லாந்தின் ஏஎஸ்எம்எல் கம்பெனி செய்யும், கம்ப்யூட்டர் சிப் தயாரிக்கும் மெஷினுக்குள், நொடிக்கு 50,000 தகரத் துளிகளைச் சுடும் லேசர் ட்ரும்ஃபினுடையது. அதன் கண்ணாடிகள் ஸைஸ் கம்பெனியினுடையவை.

இந்த வட்டாரத்தைச் சுற்றிப் பார்த்தாலே பாதி புரிந்துவிடும். எஸ்லிங்கனில் இண்டெக்ஸ், நூர்ட்டிங்கனில் ஹெல்லர், ஸாலாக்கில் எமாக், டுட்லிங்கனில் கிரோன், கோஸ்ஹைம் என்ற சின்ன மலையூரில் ஹெர்ம்லே. எல்லாம் காரில் போய் மாலைக்குள் திரும்பும் தூரம். பால் ஸ்க்ரூ, ஸ்பிண்டில், சக் செய்பவர்களும், கார் கம்பெனி, மருத்துவக் கருவிக் கம்பெனி என்று வாங்குபவர்களும் இதே சாலைகளில்தான் இருக்கிறார்கள். குறை வந்தால் வாங்கியவர் நேரே வந்து நிற்பார். அந்தக் குறைதான் அடுத்த மாடலின் முதல் திருத்தம். கோவையில் பீளமேட்டிலும் கணபதியிலும் ஃபவுண்டரி, மோட்டார், பம்ப் எல்லாம் பக்கத்துப் பக்கத்தில் வளர்ந்ததைப் பார்த்த உங்களுக்கு இது புதிதாக இருக்காது. இன்னொன்று, நீங்கள் ஊரில் பிஎஃப்டபிள்யூ (பாரத் ஃப்ரிட்ஸ் வெர்னர்) மெஷின் ஓட்டியிருந்தால் அந்தப் பெயரில் இருக்கும் ஃப்ரிட்ஸ் வெர்னர் பெர்லின்காரர்கள். 1961இல் அவர்களோடு சேர்ந்துதான் பெங்களூருவில் அந்தக் கம்பெனி தொடங்கியது.

"பெயருக்குத்தான் காசா" என்று கேட்டீர்களே, இந்தப் பெயர் ஆரம்பத்தில் கெட்ட பெயர். 1876இல் ஃபிலடெல்ஃபியா கண்காட்சிக்கு நடுவராகப் போன ஃப்ரான்ஸ் ரோய்லோ என்ற ஜெர்மன் பேராசிரியரே, தன் நாட்டுச் சரக்கு மலிவும் மட்டமுமாக இருக்கிறது என்று ஊருக்கு எழுதினார். இங்கிலாந்தின் ஷெஃபீல்ட் கத்தி மாதிரியே ஜெர்மனியின் ஸோலிங்கனில் போலி செய்து விற்கிறார்கள் என்று புகார் வர, 1887இல் பிரிட்டன் சட்டமே போட்டது, எந்த நாட்டுச் சரக்கு என்று குறிக்க வேண்டும் என்று. வாங்குபவரை எச்சரிக்க வந்த அந்த முத்திரைதான் 'மேட் இன் ஜெர்மனி'. அதை நல்ல பெயராக மாற்றியது கெம்னிட்ஸ் போன்ற ஊர்களின் பட்டறைகள். 1897இல் ஹெர்மன் ஃபௌட்டர், பல்சக்கரத்தில் பல் வெட்டும் கியர் ஹாபிங் மெஷினுக்குக் காப்புரிமை வாங்கியது அங்கேதான். இரண்டாம் உலகப் போருக்குப் பின் அவர் பெயரிலான கம்பெனி நம் பக்கத்து லுட்விக்ஸ்புர்குக்கு வந்தது.

பெயர் நிலையானது என்று நினைத்துவிடாதீர்கள். 1980களில் ஜப்பான்காரர்கள் எளிமையான, விலை குறைந்த சிஎன்சி (கம்ப்யூட்டர் கட்டுப்பாட்டில் ஓடும்) மெஷின்களோடு வந்தபோது இங்கே பலருக்கு அடி விழுந்தது. 1994இல் டெக்கல் மாஹோ என்ற பெயர்பெற்ற ஜெர்மன் கம்பெனியே திவாலாகி, கில்டமைஸ்டர் என்ற இன்னொரு ஜெர்மன் கம்பெனியின் கைக்குப் போனது. இன்று உலகிலேயே அதிக மெஷின் டூல் செய்வதும் வாங்குவதும் சீனா. எலக்ட்ரிக் காரில், இன்ஜினுக்கு வெட்டும் அளவுக்குப் பாகங்கள் இல்லை. எங்கள் ஷாப்பிலும் இரண்டு தடவை வேலை நேரத்தைக் குறைத்து, சம்பளத்தில் ஒரு பகுதியை அரசு ஈடுகட்டிய மாதங்கள் உண்டு. அதனால் கார் பாகம் செய்யும் லைனிலேயே தங்கிவிடாமல் மருத்துவக் கருவி, விமான பாகம், சிப் மெஷின் பாகம் செய்யும் மெஷின்களின் பக்கம் வாய்ப்பு வந்தால் போங்கள்.

மொழி விஷயத்தில் ஒன்று. கோர்ஸில் படிக்கும் ஜெர்மன் ஆபீஸுக்குப் போதும், ஷாப்பில் பேசுவது ஷ்வேபிஷ் என்ற இந்த வட்டார வழக்கு. முதல் ஆறு மாதம் பாதி புரியாது, பயப்படாதீர்கள். நன்றாகச் செய்தால் யாரும் பாராட்டவும் மாட்டார்கள். திட்டாமல் இருந்தாலே போதுமான பாராட்டு என்று இங்கே ஒரு பழமொழியே உண்டு. உங்கள் மைஸ்டர் உங்கள் அளவுத்தாளைப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் அடுத்த மெஷினுக்குப் போனால், வேலை சுத்தம் என்று அர்த்தம்.

அப்புறம், ஸ்கிரேப்பிங் தெரிந்தவர்கள் பலர் ஓய்வு பெறும் வயதில் இருக்கிறார்கள். உங்கள் ஷாப்பில் அப்படி ஒருவர் இருந்தால் ஷிஃப்ட் முடிந்து கால் மணி நேரம் பக்கத்தில் நின்று பாருங்கள். இரண்டு வாரம் விடாமல் நின்றால் ஸ்கிரேப்பரை அவரே உங்கள் கையில் கொடுப்பார். எனக்கு அப்படித்தான் கிடைத்தது.