வயசானவங்களுக்கு வயித்து கேன்சர், லேப்ராஸ்கோப்பி ஆபரேஷன்: கேள்வி பதில்

கேள்வி: டாக்டர், அப்பாவுக்கு 79 வயசு, பயாப்சில இரைப்பை கேன்சர்னு வந்துடுச்சு. இந்த வயசுல ஆபரேஷன் தாங்குவாரா?

பதில்: வயச மட்டும் வச்சு நான் முடிவு பண்றதே இல்லைங்க. ஒரு மாடி ஏறுனா நடுவுல நின்னு மூச்சு வாங்குறாரா, சமீபத்துல எவ்ளோ எடை குறைஞ்சிருக்கு, ஹார்ட், கிட்னி எப்படி, ரத்தத்துல ஆல்புமின்ங்கிற புரதம் எவ்ளோ, இதத்தான் பாப்பேன். 80 தாண்டியும் தானா நடந்து வந்து உக்கார்றவங்க இருக்காங்க, 65லயே படுத்த படுக்கையா இருக்குறவங்களும் இருக்காங்க. அப்பா தினமும் நடக்கட்டும், சிகரெட் இருந்தா இன்னைக்கே நிறுத்திடுங்க.

கேள்வி: சார், லேப்ராஸ்கோப்பில சின்ன துளை போட்டு பண்ணா கட்டி முழுசா வந்துடுமா? வயித்த பெருசா கீறி பண்ற ஓப்பன்தான் நல்லதுன்னு மாமா சொல்றாரு.

பதில்: வெளிய தெரியுற காயம்தான் சின்னது, உள்ள பண்ற வேலை ரெண்டுலயும் ஒண்ணுதான், இரைப்பையோட சேத்து சுத்தி இருக்குற நெணநீர் முடிச்சையும் எடுக்கணும், குறைஞ்சது 16 முடிச்சாவது லேபுக்கு போகணும். கொரியால முதல் ஸ்டேஜ்ல இருந்த 1,416 பேர வச்சு ஒரு ஆய்வு பண்ணாங்க, அஞ்சு வருஷம் கழிச்சு உயிரோட இருந்தவங்க லேப்ராஸ்கோப்பில 94.2 சதவீதம், ஓப்பன்ல 93.3. காயத்துல வர்ற தொந்தரவும் லேப்ராஸ்கோப்பில கம்மி. ஆனா அதெல்லாம் கை தேர்ந்த சர்ஜன்கள் பண்ணது, அதனால உங்க டாக்டர்கிட்ட இந்த ஆபரேஷன் எத்தன பண்ணிருக்கீங்கன்னு தயங்காம கேளுங்க.

கேள்வி: லேப்ராஸ்கோப்பி பண்ணும்போது வயித்துல கேஸ் அடைப்பாங்களாமே, அம்மாவுக்கு ஹார்ட் வீக்.

பதில்: கார்பன் டை ஆக்சைடு, 12ல இருந்து 15 மில்லிமீட்டர் மெர்க்குரி அழுத்தத்துல. அது நெஞ்சுக்கும் வயித்துக்கும் நடுவுல இருக்குற உதரவிதானத்த மேல தள்ளும், ஹார்ட்டுக்கும் சிரமம். அதனால முன்னாடியே ஹார்ட்டுக்கு எக்கோ ஸ்கேன் எடுத்து மயக்க டாக்டர்கிட்ட காமிங்க. நடுவுல ஓப்பனா மாத்துனா தோல்வின்னு நெனைக்காதீங்க, அம்மாவோட பாதுகாப்புக்குத்தான்.

கேள்வி: ஆபரேஷன் முடிஞ்சு நாங்க என்ன பண்ணணும் டாக்டர்?

பதில்: இதுதாங்க எனக்கு முக்கியமான கேள்வி. மூணு பந்து இருக்குற ஊதுற கருவி குடுப்பாங்க, பேருதான் அப்படி, ஊதக்கூடாது, மெதுவா உள்ள இழுக்கணும், பந்து மேல போய் ரெண்டு செகண்டு நிக்கணும், பக்கத்துல உக்காந்து மணிக்கு பத்து தடவ பண்ண வைங்க, இல்லன்னா சளி கட்டி நிமோனியால போய் நிக்கும். மறுநாளே எழுப்பி நடக்க வைப்பாங்க, பாவமேன்னு தடுக்காதீங்க. ராத்திரி ஆள் தெரியாம பேசுனா நர்ஸ்கிட்ட உடனே சொல்லுங்க, கண்ணாடியும் காது மெஷினும் போட்டு விடுங்க, பாதி குழப்பம் அதுலயே தெளியும்.

கேள்வி: முழு இரைப்பையும் எடுத்துட்டா சாப்பிட முடியுமா?

பதில்: சாப்பிடலாம், கொஞ்சம் கொஞ்சமா ஆறு வேளை. வைட்டமின் பி12 ஊசி ஆயுசுக்கும் போடணும், விட்டுடாதீங்க.