பிக்கப்பை மாற்றும் முன் ப்ரீஆம்ப்பைக் கவனியுங்கள்

கேள்வி: வயலின் குதிரையில் (தந்திகளைத் தாங்கும் மரத்துண்டில்) பீசோ பிக்கப் (அதிர்வை மின்சிக்னலாக மாற்றும் சாதனம்) பொருத்தியிருக்கிறேன். நேராக மிக்ஸரில் செருகினால் தகரம் தட்டியது போலக் கீச்சிடுகிறது. வால்யூமைக் கூட்டினால் ஊளையிடுகிறது. வேறு பிக்கப் வாங்கலாமா?

பதில்: இப்போதைக்கு வாங்காதீர்கள். பிக்கப்புக்கும் மிக்ஸருக்கும் நடுவில் ஒரு ப்ரீஆம்ப் (பிக்கப்பின் சிக்னலை மிக்ஸருக்கு ஏற்றபடி மாற்றித் தரும் கருவி) இல்லாததுதான் கீச்சலுக்குக் காரணம் என்று நினைக்கிறேன்.

பீசோ ஒரு கெப்பாசிட்டர் மாதிரி நடந்துகொள்ளும். அதன் அளவு 1 நானோஃபாரட் என்று வைத்துக்கொள்வோம். மிக்ஸரின் லைன் இன்புட்டின் மின்தடை (இம்பீடன்ஸ்) பெரும்பாலும் 10 கிலோ ஓம் அளவில்தான் இருக்கும். இரண்டையும் இணைத்தால் ஏறக்குறைய 16,000 ஹெர்ட்ஸுக்குக் கீழே இறங்க இறங்க ஒலி தேய்ந்துகொண்டே போகும். மேற்கத்திய முறைச் சுருதியில் வயலினின் மிகத் தாழ்ந்த தந்தி 196 ஹெர்ட்ஸ். அடித்தொனி போய், வில் உரசும் சத்தம்தான் மிஞ்சும். இன்புட் 1 மெகா ஓமாக இருந்தால் அந்த எல்லை 160 ஹெர்ட்ஸுக்கு இறங்கிவிடும், 10 மெகா ஓம் என்றால் 16-க்கு. பீசோவுக்கென்றே செய்த ப்ரீஆம்ப்பாகப் பார்த்து வாங்குங்கள். டி.ஐ. பாக்ஸ்தான் (வாத்தியத்தை மிக்ஸருடன் இணைக்கும் பெட்டி) கிடைக்கிறது என்றால் மின்சாரத்தில் இயங்கும் ஆக்டிவ் வகையாக, இன்புட் 1 மெகா ஓமுக்குக் குறையாமல் இருக்கட்டும். பாஸிவ் வகை இங்கே உதவாது. பிக்கப்பிலிருந்து ப்ரீஆம்ப் வரைக்கும் கேபிள் குட்டையாக இருப்பது நல்லது.

ஊளை வேறு விஷயம், அது ப்ரீஆம்ப்பால் தீராது. ஸ்பீக்கர் சத்தத்தில் வயலினின் உடலே அதிர்கிறது, அதைப் பிக்கப் மறுபடி அனுப்புகிறது. வயலினின் உட்காற்று 270 - 280 ஹெர்ட்ஸ் வாக்கில் தானாகவே அதிரும், தொல்லை பெரும்பாலும் அந்தப் பக்கம்தான் கிளம்பும். சவுண்ட் செக்கில் வால்யூமை மெல்ல ஏற்றுங்கள். ஊளை தொடங்கும் இடத்தில் ஈக்வலைசரின் குறுகிய பட்டையை நகர்த்தி, அது எங்கே அடங்குகிறதோ அங்கே 3 முதல் 6 டெசிபல் குறைத்தால் போதும். தாறுமாறாக வெட்டினால் வயலினின் குரலே போய்விடும். அதற்கு முன்னால் மானிட்டரை (மேடையில் உங்களுக்காக வைத்த ஸ்பீக்கரை) சற்றுத் திருப்பி வைத்தும், ப்ரீஆம்ப்பில் ஃபேஸ் பட்டன் (சிக்னலைத் தலைகீழாக்குவது) இருந்தால் அதை அழுத்தியும் பாருங்கள். பல நேரம் வெட்டவே தேவைப்படாது.

இதற்குப் பிறகும் செலவழிக்க மனமிருந்தால், கிளிப் மைக் ஒன்று வாங்குங்கள். வயலின் காற்றில் எப்படி ஒலிக்கிறதோ அதை மைக்தான் பிடிக்கும். மைக்கை அரங்கத்துக்கும், பிக்கப்பை மானிட்டருக்கும் கொடுங்கள். இரண்டையும் அரங்கத்துக்கே கலப்பதானால் ஒன்றின் போலாரிட்டியை மாற்றி (அதாவது அதே போலச் சிக்னலைத் தலைகீழாக்கி) கேட்டு, அடித்தொனி நிறைவாக வரும் நிலையிலேயே விட்டுவிடுங்கள்.